அந்த ஒரு வரிக்காக

எங்கள் சங்கத்தில் ஏழு பேர். என் தையல் கடைதான் அலுவலகம். மலக்குழியில் இறந்தவர் வீட்டுக்குப் போனதும் முதலில் சொல்வேன்: "அக்கா, வெள்ளைத் தாளில் கைநாட்டு வைக்காதீங்க." ஒப்பந்ததாரரின் ஆள் அதற்குள் பணக்கட்டோடு வந்திருப்பார்.

2014-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுக்கு 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. கருணைத்தொகை அல்ல, உரிமை. பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதே மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். ஆனால் எஃப்.ஐ.ஆரில் 'தவறி விழுந்தார்' என்று எழுதிவிட்டால் எல்லாம் நழுவிவிடும். 'சுத்தம் செய்ய இறக்கப்பட்டார்' என்ற வரி வரும்வரை காவல் நிலைய வாசலை விட்டு எழமாட்டோம்.

போன மாசியில் விடிய விடிய உட்கார்ந்தோம். இறந்தவரின் பத்தாவது படிக்கும் மகள் எஃப்.ஐ.ஆர் தாளை வாங்கி வாசித்தாள். "அப்பா பேரு தப்பா இருக்கு" என்றாள். திருத்தி வாங்கினோம்.