நடுரோட்டில் 'மக்கர்' பண்ணும் பழைய கார்: அடியில் சொட்டுவது ஆயிலா, தண்ணியா? கண்டுபிடிக்க எளிய வழி

சேலம்:
காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். ஐந்து ரோடு சிக்னலில் நின்றால் 'பொசுக்'கென்று ஆஃப் ஆகும். பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹாரன் அடித்தே காதைக் கிழித்து விடுவார். வீட்டுக்கு வந்து பார்த்தால் காருக்கு அடியில் ஒரு ரூபாய் அளவுக்கு எண்ணெய்க் கறை. பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் இதே தலைவலிதான்.

மாருதி 800 கார் 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்தது. 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்று விட்டது. அதே 2014-ல் அம்பாசடரும் நின்றது. ஆக, கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயசு தாண்டியாச்சு. ஆனாலும் வாடகை, காய்கறி லோடு, ஆஸ்பத்திரி, கோயில் என்று பல குடும்பங்களுக்கு இன்னும் இந்த வண்டிதான் கைகொடுக்கிறது.

"பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று விட்டு விடுவதுதான் ஆபத்து. வண்டி நிற்பதற்கும் ஒழுகுவதற்கும் காரணம் உண்டு. அதை வீட்டு வாசலிலேயே ஓரளவு கண்டுபிடித்து விடலாம்.

அட்டை போட்டுப் பாருங்க

ராத்திரி வண்டியை நிறுத்தியதும் என்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில், என்ன நிறத்தில் சொட்டு இருக்கிறது என்று பாருங்கள்.

கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். பெரும்பாலும் டாப் கவர் பேக்கிங், ஆயில் சீல், டிரெயின் நட்டு ஆகிய இடங்களில்தான் கசியும். மேலே கசிந்தாலும் வழிந்து கீழேதான் சொட்டும். அதனால் என்ஜினை முதலில் துடைத்து விட்டு, மறுபடி ஓட்டிய பிறகு எங்கே புதிதாக ஈரம் தெரிகிறது என்று பார்க்கணும்.

கெட்டியாக, அழுகின முட்டை மாதிரி நாற்றம் அடித்தால் கியர் ஆயில்.

பச்சை, சிவப்பு, ரோஸ் நிறத்தில் இருந்து இனிப்பு வாடை வந்தால் கூலன்ட். ரேடியேட்டர், ஓஸ், வாட்டர் பம்ப் மூன்றையும் பார்க்கணும். கூலன்ட் விஷம். இனிப்பாக இருப்பதால் தெருநாயும் குழந்தையும் வாய் வைக்கும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவி விடணும்.

சக்கரத்தின் உள்பக்கம் லேசான மஞ்சள் நிறத்தில் கசிந்தால் பிரேக் ஆயில். இந்த வண்டியை ஒரு அடி கூட ஓட்டக் கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைப்பதுதான் நல்லது.

பெட்ரோல் வாடை அடித்தால் சாவியையே தொடாதீர்கள். ஒரு பொறி போதும், வண்டியே பற்றிக் கொள்ளும்.

ஏசி போட்டு ஓட்டிய பிறகு நிறமும் வாடையும் இல்லாமல் சொட்டினால் அது வெறும் தண்ணிதான். பயப்பட ஒன்றும் இல்லை.

எப்போ நிக்குது?

மெக்கானிக்கிடம் "வண்டி நிக்குது" என்று மட்டும் சொன்னால் அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார், பில் ஏறும். எப்போது நிற்கிறது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

சிக்னலில் காலை எடுத்ததும் நின்றால், ஐடிலிங் கோளாறு. 2000-க்கு முந்தைய கார்புரேட்டர் வண்டியில் ஜெட்டில் தூசி அடைத்திருக்கும். எம்.பி.எப்.ஐ. வண்டியில் திராட்டில் பாடியில் கரி பிடித்திருக்கும். வாக்குவம் ஓஸ் வெடித்துக் காற்று இழுத்தாலும் இப்படி ஆகும்.

மேட்டில் ஏறும்போது திக்கித் திணறி நின்றால், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இந்தக் குட்டு வெளிப்பட்டு விடும். பெட்ரோல் பில்டர், பம்ப் இரண்டையும் பார்க்கணும். எம்.பி.எப்.ஐ. வண்டியில் சாவியை 'ஆன்' செய்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு வினாடி 'ம்ம்ம்' என்று சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் பம்ப், ரிலே, பியூஸ் மீது சந்தேகம்.

சூடானதும் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் தானாக ஸ்டார்ட் ஆனால், இக்னிஷன் காயில் அல்லது பெட்ரோல் பம்ப் சூட்டில் படுக்கிறது.

சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி ஒரே அடியாக நின்றால் கரண்டு கோளாறு. பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைத் தூளைச் சுத்தம் செய்து இறுக்கினாலே சில சமயம் சரியாகி விடும்.

ரெண்டும் சேர்ந்தா உஷார்

ஒழுகுவதும் நிற்பதும் தனித்தனி வியாதி என்று நினைக்கக் கூடாது. கூலன்ட் ஒழுகினால் என்ஜின் கொதிக்கும், கொதித்தால் நிற்கும். அப்படியே திரும்பத் திரும்ப ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய் விடும். சில நூறு ரூபாய் ஓஸில் முடிய வேண்டிய வேலை, என்ஜினைப் பிரிக்கும் வேலையாகி விடும். ஆயில் மூடிக்கு உள்பக்கம் பால் காபி மாதிரி படிந்திருந்தாலோ, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, தண்ணி உள்ளே போகிறது என்று சந்தேகப்படணும்.

அதே மாதிரி, கசியும் ஆயில் டைமிங் பெல்ட்டில் பட்டால் பெல்ட் சீக்கிரம் கெட்டுப் போகும். அது அறுந்தால் அந்த இடத்திலேயே வண்டி நிற்கும்.

ரேடியேட்டரில் போர் தண்ணி ஊற்றும் பழக்கத்தையும் விட்டு விடணும். உப்புத் தண்ணி உள்ளே படிந்து அடைத்துக் கொள்ளும், துருவும் பிடிக்கும்.

இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அதற்கென்று தயாரிக்கப்படாத பழைய வண்டிகளில் நாளடைவில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் கூறியது. எனவே பெட்ரோல் ஓஸில் வெடிப்பு, ஈரம் இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கணும். ஓஸ், சீல், பெல்ட் இந்த மூன்றையும் பழைய ஸ்பேரில் வாங்கவே கூடாது.

வழியில் நின்றால்

தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் என்ஜின் நின்று விட்டால் பதற வேண்டாம். பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக் கல்லு மாதிரி ஆகி விடும். ஆனால் வேலை செய்யும். விட்டு விட்டு மிதிக்காமல், பலம் கொடுத்து ஒரே அழுத்தாக அழுத்தணும். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக் கொள்ளும். ஓரம் கட்டி, நான்கு பக்க விளக்கையும் போட்டு, ஆட்களை ரோட்டை விட்டுத் தள்ளி நிற்க வைப்பதுதான் முதல் வேலை.

கொதித்து நின்ற வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் வெந்நீர் பீய்ச்சி முகம், கை வெந்து விடும். நன்றாக ஆறும் வரை காத்திருக்கணும். ஆறிய பிறகே தண்ணி ஊற்றணும்.

செலவு குறைய

மலிவானதில் இருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். முதலில் டெர்மினல், பியூஸ், வாக்குவம் ஓஸ். அடுத்து ஏர் பில்டர், பெட்ரோல் பில்டர், பிளக். அதற்கும் சரியாகாவிட்டால் காயில், பம்ப். 800 காருக்கு மூன்று சிலிண்டர்தான். ஒரு பிளக் படுத்தாலே வண்டி கிடுகிடுவென்று குலுங்கும். எடுத்த எடுப்பில் "என்ஜின் பிரிக்கணும்" என்று சொன்னால் இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டுவது நல்லது.

சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான் செல்லும். பிறகு எப்.சி. காட்டி 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். புகையும் ஒழுகலுமாக வண்டியைக் கொண்டு போனால் அங்கே சிக்கல்தான். வாரம் ஒரு நாள், என்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் குச்சியையும் தண்ணி அளவையும் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். நடுரோட்டில் குடும்பத்தோடு நிற்பதைவிட அது மேல்.