வெடிவைப்பும் பாறைப் பிளவும்

நம் நாட்டின் நிலக்கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்று திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்தே கிடைக்கிறது. சிங்ரௌலி போன்ற படுகைகளில் நிலக்கரியை மூடிக்கிடக்கும் மணற்பாறையை முதலில் தகர்த்து அகற்றவேண்டியுள்ளது. இப்பணிக்குத் துளையிட்டு வெடிவைப்பதே வழக்கம்.

வெடியினால் பாறை நசுங்கி உடைகிறது என்பது பொதுவான எண்ணம். துளையை ஒட்டிய சிறு பகுதிக்கே அது பொருந்தும். அமுக்கவிசையைப் பெரிதும் தாங்கும் பாறை, அதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இழுவிசையிலேயே பிளந்துவிடும். துளையிலிருந்து நொடிக்குப் பல ஆயிரம் மீட்டர் வேகத்தில் பரவும் அமுக்க அலை, சுரங்கப் படியின் திறந்த முகப்பை எட்டியதும் இழுவிசை அலையாக மாறித் திரும்புகிறது. முகப்புப் பாறை ஏடு ஏடாகப் பெயர்கிறது. பின்தொடரும் வாயுக்கள் விரிசல்களுள் புகுந்து அவற்றை அகலப்படுத்திப் பாறையை முன்தள்ளுகின்றன.

விசை செயற்படும் விரைவும் முக்கியமானது. மெல்ல அழுத்தினால் வலுக்குறைந்த ஓரிரு விரிசல்களே நீண்டு, பாறை சில பெருந்துண்டுகளாகும். விரிசல் ஓடும் வேகத்துக்கு எல்லை உண்டு. திடீர்த் தாக்குதலில், ஒரு விரிசல் நீண்டு இறுக்கத்தைத் தளர்த்துமுன் அண்டையிலுள்ள நுண்பிளவுகள் பலவும் திறந்துகொள்கின்றன. ஆகவே பாறை கூடுதல் விசையைத் தாங்கி, உடையும்போது சிறு துண்டுகளாகச் சிதறுகிறது.

துண்டுகளின் அளவைப் பொறுத்தே வாரி இயந்திரம், லாரி, நொறுக்காலை ஆகியவற்றின் செலவு அமைகிறது. வெடிமருந்தில் சில ரூபாய் மிச்சம்பிடித்து, பெரும் பாளங்களின்முன் கோடி ரூபாய் இயந்திரத்தை நிறுத்திவைப்பது சிக்கனமாகாது. மிகையாக வெடிவைப்பதும் தவறே; பாறையை உடைக்கப் பயன்படாத ஆற்றல் நில அதிர்வாகி அண்டை ஊர்ச் சுவர்களைச் சென்றடைகிறது.

சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் 1997-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, சுரங்க நிர்வாகத்துக்குச் சொந்தமல்லாத வீடுகளுக்கு வரம்பு விதித்தது. அதிர்வெண் நொடிக்கு 8-க்குக் குறைவாயின், நிலத்துகள் அசையும் வேகம் நொடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. அதிர்வெண் 25-க்கு மேற்பட்டால் 15 மில்லிமீட்டர் வரை ஏற்கப்படும். மெதுவான அதிர்வுக்கே வீடுகள் எளிதில் இசைந்து ஆடுகின்றன என்பது இவ்வேறுபாட்டின் காரணம்.

எல்லாத் துளைகளையும் ஒருசேர வெடிக்காமல், நொடியின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் இடைவெளிவிட்டு வெடிப்பது இதற்கு நல்ல தீர்வு. முன்வரிசை பெயர்ந்ததும் பின்வரிசைக்குப் புதிய திறந்த முகப்பு கிடைக்கிறது, அதிர்வும் குறைகிறது. இதற்காகும் கூடுதல் செலவு பெரிதன்று. அதிர்வுமானியைச் சுரங்க அலுவலகத்தருகே வைப்பதில் பயனில்லை. குடியிருப்பின் முதல் வீட்டருகே வைத்து, கிடைத்த அளவை ஊராட்சிக்கும் அறிவிப்பதே முறை.