கப்பல் வாந்தியா, கீட்டோன் வாந்தியா?

சென்னையிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். மகனுக்கு ஒன்பது வயது. டைப் 1 சர்க்கரை நோய். தினமும் நான்கு வேளை இன்சுலின் ஊசி. கோடை விடுமுறையில் சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு இலங்கை போய்வர ஆசை. "கடல் வெயிலில் இன்சுலின் கெட்டுப்போகாமல் எப்படிக் கொண்டுபோவது?" என்பது கேள்வி. சென்னைத் துறைமுகத்திலிருந்து இப்படிப்பட்ட பயணம் 2022 ஜூனில் தொடங்கியது. மறு ஆண்டே அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் நீண்டது. இதே கவலை இன்னும் பல வீடுகளில் இருக்கும்.

கேட்ட கேள்விக்கு விடை சுலபம். அவர் கேட்காத ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. கப்பலில் பையன் வாந்தி எடுத்தால், அது எந்த வாந்தி?

முதலில் இன்சுலின். பிரிக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பிரித்து உபயோகிப்பது, பெரும்பாலான வகைகளில், அறை வெப்பத்திலேயே நான்கு வாரம் தாங்கும். கென்யாவில் தாகஹாலே அகதி முகாமில் நிலவும் வெப்பத்தை அப்படியே ஆய்வகத்தில் உண்டாக்கி, 25 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் நான்கு வாரம் இன்சுலினை வைத்துப் பார்த்தார்கள். வீரியம் ஒரு சதவீதத்துக்கு மேல் குறையவில்லை. 2021இல் வெளிவந்த முடிவு இது. வெயிலில் நிறுத்திய காரிலும் மேல்தளத்து நாற்காலியிலும் குப்பியை விட்டுவைக்கலாம் என்பது இதன் பொருள் அல்ல. ஆனால் ஏசி அறை உள்ள கப்பலில் மூன்று நான்கு நாள் பயணத்துக்கு, விளம்பரத்தில் வரும் விலையுயர்ந்த குளிர்ப்பெட்டி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சூட்டைவிட நான் அஞ்சுவது உறைவதற்குத்தான். அறையில் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்த குப்பி உறைந்துவிடலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகித் தெளிவாகத் தெரிந்தாலும், குப்பைக்குத்தான். இன்னொன்று: துறைமுகத்தில் வாங்கிக்கொள்ளும் பெரிய பெட்டிகள் அறைக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். ஊசி, மீட்டர், குளுக்கோஸ் எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். தேவையைப் போல இரண்டு மடங்கு.

இனி வாந்திக்கு வருவோம்.

கப்பல் ஆட்டத்தில் வாந்தி வருவது காதுக்கும் கண்ணுக்கும் உள்ள முரண்பாட்டால். அது பலரும் அறிந்தது. டைப் 1 பிள்ளைக்கு உடம்பில் இன்சுலின் போதாமல் போய், ரத்தம் அமிலமாகும்போதும் முதலில் வருவது வாந்திதான். கூடவே வயிற்று வலி, சோர்வு, தூக்கம். வீட்டில் இப்படி நடந்தால் தாய் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். கப்பலில் பக்கத்து அறைக்காரரும் வாந்தி எடுக்கிறார், எதிர் அறைக்காரரும் எடுக்கிறார். "கடல் ஒத்துக்கலைம்மா, ஒரு மாத்திரை போட்டுத் தூங்கவையுங்க" என்று யாராவது அன்போடு சொல்வார்கள். அந்த மாத்திரை தூக்கத்தையும் வாய் வறட்சியையும் கொடுக்கும். அமிலம் ஏறுவதற்கு நாம் பார்க்க வேண்டிய இரண்டு அறிகுறிகள் அந்த மாத்திரைக்குள் ஒளிந்துகொள்ளும். ஆபத்து இங்கேதான்.

இன்சுலின் குறைந்தால் ரத்தம் ஏன் அமிலமாகிறது? உடலியலில் நான் மிகவும் ரசிக்கும் இடம் இது.

பழைய கிராமத்து வீடுகளில் நெல் கொட்டிவைக்கும் குதிர் இருக்கும். அடியில் ஒரு துவாரம். துணியைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். நம் கொழுப்புச் செல்கள்தாம் அந்தக் குதிர். அடைப்பில் கைவைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அப்பத்தா, இன்சுலின். சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது என்ற அவளுடைய ஒரு வேலையை மட்டும் பள்ளிப் பாடம் சொல்கிறது. அதற்கு நிறைய இன்சுலின் வேண்டும். குதிருக்குக் காவல் இருக்கவோ மிகக் கொஞ்சம் போதும். அப்பத்தா கண்ணயர்ந்தாலும் கை அடைப்பில் இருந்தால் சரி. அந்தக் கையும் போய்விட்டால் அடைப்பு பிடுங்கிக்கொண்டு நெல் கொட்டத் தொடங்கும். கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் இறங்கிக் கல்லீரலுக்குப் போகின்றன.

கல்லீரல்தான் சமையலறை. அதன் அடுப்பு மைட்டோகாண்ட்ரியா. அடுப்படிக் கதவுக்கும் ஒரு தாழ்ப்பாள் உண்டு. மலோனைல் கோ-ஏ என்ற மூலக்கூறு. இன்சுலின் இருக்கும்வரை அந்தத் தாழ் போட்டே இருக்கும். இன்சுலின் போய், அதற்கு எதிராக வேலை செய்யும் ஹார்மோனான குளுக்ககான் ஓங்கினால் தாழும் திறந்துகொள்ளும். ஆக குதிரும் திறப்பு, அடுப்படியும் திறப்பு. வந்து குவிவதை முழுக்க வேகவைக்க அடுப்பால் முடியாது. அரைவேக்காட்டில் இறக்கி வெளியே அனுப்புகிறது. அந்த அரைவேக்காடுதான் கீட்டோன்.

அரைவேக்காடு என்றாலும் வீண் அல்ல. மூளையும் இதயமும் அதைச் சாப்பிடும். மனிதன் பல நாள் பட்டினி கிடந்தும் பிழைப்பது அதனால்தான். நல்ல உடம்பில் கீட்டோன் ஏறியதுமே கணையம் கொஞ்சம் இன்சுலினைச் சுரக்கும். அப்பத்தா விழித்து அடைப்பை இறுக்கிவிடுவாள். டைப் 1 பிள்ளையின் வீட்டில் அப்பத்தா ஊசி வழியாகத்தான் வர வேண்டும். வராத நாளில் நிறுத்த ஆள் இல்லை. கீட்டோனில் முக்கியமான இரண்டும் அமிலங்கள். ரத்தத்தின் அமிலம் ஏற ஏற, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் போகிறது. கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி அமிலத்தைக் குறைக்கப் பார்க்கிறது உடம்பு. மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அடிக்கும். வாந்தியோடு இந்த மூச்சும் சேர்ந்தால், அது கடல் செய்த வேலை அல்ல.

பெற்றோர் தடுமாறும் இடம் இனிமேல்தான். பையன் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, வாந்திதான். மீட்டர் 140 காட்டுகிறது. "சாப்பிடவே இல்லையே, ஊசி எதற்கு?" என்று தோன்றுவது இயற்கை. உள்ளே வரும் சர்க்கரை குறைந்திருப்பதால் எண் நல்லபடியாகத் தெரிகிறது. குதிரில் கொட்டுவதை அந்த எண் சொல்லாது. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தவே கூடாது. அளவைக் கூட்டிக் குறைக்கலாம். எவ்வளவு என்பதைக் கிளம்புமுன் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுபக்கமும் உண்டு: உணவுக்கு முன் ஊசி போட்டு, சாப்பிட்டதெல்லாம் வாந்தியில் வெளியே வந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். கடல் கொந்தளிக்கும் நாளில் அந்த உணவு நேர ஊசியை மட்டும் சாப்பிட்ட உடனே போடலாமா என்றும் கேட்டுவையுங்கள். வாய்வழி எதுவும் நிற்காதபோது சர்க்கரையை உயர்த்த குளுக்ககான் ஊசி இருக்கிறது. நம் ஊர் மருந்துக் கடையில் நினைத்தவுடன் கிடைக்காது; சில வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

கீட்டோனை எப்படிப் பார்ப்பது? சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் மலிவு. ஆனால் அது காட்டுவது அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோனை. நிலைமை மோசமாகும்போது ரத்தத்தில் குவிவது பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட். சாதாரணமாகச் சமமாக இருக்கும் இவ்விரண்டில் பின்னது மூன்று மடங்கு, சிலருக்குப் பத்து மடங்கு வரை போகும். ஸ்ட்ரிப்புக்கு அது கண்ணில் படாது. இன்னும் வேடிக்கை, சிகிச்சை பலித்து இரண்டாவது முதலாவதாக மாறும்போது ஸ்ட்ரிப்பின் நிறம் அடர்த்தியாகி, தேறிவரும் பிள்ளையின் நிலைமை மோசமாகிறது என்று பயமுறுத்தும். வாந்தி எடுத்து உலர்ந்துபோன பிள்ளைக்குச் சிறுநீர் வருவதே கஷ்டம் என்பது வேறு. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் கீட்டோன் மீட்டர்தான் கப்பலுக்கு ஏற்றது. 0.6க்குக் கீழே கவலையில்லை. 1.5ஐத் தாண்டினால் உடனே கப்பல் மருத்துவரிடம் போக வேண்டும். 3 என்றால் ஆபத்து முற்றிவிட்டது.

வரலாறு கொஞ்சம். அந்த ஆழமான மூச்சை 1874இல் விவரித்தவர் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல்முறையாக இன்சுலின் கொடுக்கும்வரை, அந்த மூச்சு தொடங்கிய பிள்ளைகளைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை.

இன்று தோளில் ஒட்டிய சென்சார் சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையைச் சொல்கிறது. நல்ல கருவி; விற்கிறவர்கள் சொல்லும் அளவுக்கு அல்ல. அந்தச் சென்சார் கீட்டோனைப் பார்க்காது. சென்சாரிலிருந்து பிள்ளையின் போனுக்குத் தகவல் போக இணையம் வேண்டாம்; அங்கிருந்து தாயின் போனுக்கு வர வேண்டும். கரையை விட்டு விலகியதும் டவர் கிடையாது. கப்பலின் வைஃபையில் இரண்டு போனும் சேர்ந்து இணைந்தால்தான் உண்டு. விளையாட்டு அறையில் பையனுக்குச் சர்க்கரை இறங்க, நான்கு தளம் கீழே தாயின் போன் அமைதியாக இருக்கும். அங்கே பார்த்துக்கொள்பவரிடம் பேசி, குளுக்கோஸைக் கையில் கொடுத்துவிட்டு வருவதற்கு ஈடாக எந்த ஆப்பும் இல்லை. ஊசியே குத்தாமல் சர்க்கரையைக் காட்டும் கைக்கடிகாரம், மோதிரம் என்று இணையத்தில் விற்பவற்றை நம்பவே வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

பம்ப் போட்டிருக்கும் பிள்ளைகளுக்குத் தனி எச்சரிக்கை. பம்பில் ஓடுவது விரைவு இன்சுலின் மட்டும்; உடம்பில் இருப்பு நிற்காது. நீச்சல் குளத்துக்காகக் கழற்றிவைத்து, விளையாட்டில் மறந்தால், சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறத் தொடங்கும். மாற்று ஏற்பாடாக நீண்டநேர இன்சுலின் பேனா ஒன்று பையில் இருக்கட்டும்.

கடைசியாக, டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் கப்பல் நிறுவனத்துக்குக் கடிதம் போடுங்கள். "மருத்துவர் உண்டா?" என்று கேட்டால் உண்டு என்பார்கள். அது போதாது. ரத்தத்தில் கீட்டோனும் பொட்டாசியமும் பார்க்க முடியுமா, நரம்பு வழியே இன்சுலினைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். சிகிச்சையில் இன்சுலின் ஏற ஏற ரத்தத்தின் பொட்டாசியம் செல்லுக்குள் இறங்கிவிடும். அதை அளக்காமல் வைத்தியம் செய்தால் இதயத் துடிப்பே குலையலாம். பதில் 'இல்லை' என்று வந்தால், முழுநாள் நடுக்கடலிலேயே கழியும் பயணத்தை விட்டுவிட்டு, தினமும் ஒரு துறைமுகத்தைத் தொடும் பயணமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.