தீக்குச்சி சொல்லித் தந்த தச்சு வேலை



எங்க அப்பத்தா சின்ன வயசிலே தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கினவங்க. தரையில் உட்கார்ந்து, சட்டத்தில் ஒவ்வொரு குச்சியா அடுக்கணும். இப்போ முட்டி மடங்க மாட்டேங்குது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திரிக்க ஆள் வேணும். அதனால் லீவில் அவங்களுக்கு ஒரு குட்டி ஸ்டூல் செய்தேன். எல்லாரும் பாராட்டினாங்க. அப்பத்தா உட்கார்ந்து லேசாகச் சாய்ந்ததும் 'டப்'புன்னு கால் பலகை பிளந்து விட்டது. நல்லவேளை, அடி பலமில்லை. எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

உடைந்த பலகையைப் பக்கத்துத் தெரு ஆசாரித் தாத்தாவிடம் காட்டினேன். முதலில், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத் தாயி உளி?" என்று சிரித்தார். அப்புறம் பலகையைப் பார்த்துவிட்டு, "ஒரு தீக்குச்சி எடு" என்றார்.

தீக்குச்சி சோதனை

நீங்களும் செய்து பாருங்கள். மருந்துப் பக்கத்தைக் கிள்ளிவிட்டு, குச்சியைக் குறுக்கே ஒடியுங்கள். கொஞ்சம் பலம் வேண்டும். இன்னொரு குச்சியை நகத்தால் நீளவாக்கில் கீறுங்கள். சுலபமாகப் பிளக்கும். ஏன்? மரம் என்பது நார்களின் கட்டு. விளக்குமாறை மொத்தமாக ஒடிக்க முடியாது, ஆனால் ஈர்க்குகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் இல்லையா? அதே மாதிரிதான்.

நான் கால் பலகையில் நார் படுக்கை வசமாக ஓடும்படி அறுத்துவிட்டேன். அதனால்தான் பிளந்தது. நார் மேலிருந்து கீழாக, மரம் நிற்கிற மாதிரியே ஓட வேண்டும். இதுதான் நான் கற்ற முதல் பாடம்.

தேவையானவை

1 அங்குல கனமுள்ள, நன்றாகக் காய்ந்த வேப்பம் பலகை. (பச்சை மரம் காயும்போது அகலத்தில் சுருங்கி வெடிக்கும்.) ரம்பம், உளி, கொட்டாப்புளி, சுத்தியல், மூலைமட்டம், ஆணி, பெவிகால், உப்புத்தாள்.

அளவு

மேல் பலகை: 15 அங்குல நீளம், 9 அங்குல அகலம்.
கால் பலகை 2: 10 அங்குல உயரம், 9 அங்குல அகலம்.
குறுக்குச் சட்டம்: 12 அங்குல நீளம், 3 அங்குல அகலம்.

செய்முறை

1. மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு அறுக்கவும். கோட்டின் மேலேயே அறுத்தால் அளவு குறைந்துவிடும். கோட்டுக்கு வெளியே அறுக்கணும்.

2. குறுக்குச் சட்டத்தின் இரண்டு முனையிலும் 1 அங்குல நீளத்துக்குக் கழுந்து செதுக்கவும். அது நுழையும் அளவுக்குக் கால் பலகைகளில் துளை போடவும். கழுந்தை முதலில் செதுக்கி, அதை வைத்தே துளைக்குக் கோடு போட்டால் சரியாக இருக்கும். துளையை இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதியாக எடுக்கணும். ஒரே பக்கமாக அடித்தால் மறுபக்கம் பிய்ந்துவிடும்.

3. பெவிகால் தடவிக் கழுந்தைத் தட்டி இறக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி விடவும். முதல் ஸ்டூலில் நான் குறுக்குச் சட்டமே வைக்கவில்லை. அதனால்தான் அப்பத்தா சாய்ந்த பாரம் முழுக்கக் கால் மேல் விழுந்தது.

4. மேல் பலகையை வைத்து ஆணி அடிக்கவும். ஆணியின் கூரை முதலில் சுத்தியலால் லேசாக மழுக்க வேண்டும். கூரான முனை நாரை விலக்கிப் பிளக்கும். மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும். ஆணிகளைக் கொஞ்சம் சாய்வாக, ஒன்றுக்கொன்று எதிராக அடித்தால் கழன்று வராது.

5. உப்புத்தாளை நார் ஓடுகிற பக்கமே தேய்க்கவும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும்.

கவனம்: உளிக்கு முன்னால் கையை வைக்கவே கூடாது. பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

இரண்டாவது ஸ்டூலில் முதலில் ஆசாரித் தாத்தாவே ஏறி நின்று பார்த்தார். "இனி உட்காரச் சொல்லு தாயி" என்றார். இப்போது அப்பத்தா அதில் உட்கார்ந்துதான் மொச்சை உரிக்கிறாங்க. எழுந்திரிக்க என்னைக் கூப்பிடுவதில்லை.

உங்களுக்குத் தெரியுமா?

கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். குச்சிக்குப் பெருமரம் போன்ற மெத்தென்ற மரங்கள் பயன்படுகின்றன. தடியைச் சுழலவிட்டுத் தாள் போலச் சீவி, நார் குச்சியின் நீளத்துக்கு ஓடும்படி நறுக்குவார்கள். அதனால்தான் உரசும்போது குச்சி ஒடிவதில்லை!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
மல்லாங்கிணறு.