செயற்கைக்கோளுக்குத் தெரியாத ஊர்ப்பெயர்

தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கிச் செல்பேசியைப் பார்த்தால் ஒரு செயலி 'சென்னை' என்று காட்டலாம். இன்னொன்று 'தாம்பரம்' எனலாம். மூன்றாவது 'செங்கல்பட்டு' என்று சொல்லலாம். தரவைப் புதுப்பிக்காத செயலியாக இருந்தால் 'காஞ்சிபுரம்' என்றுகூட வரலாம். நிற்கும் இடம் ஒன்றுதான். ஜிபிஎஸ்ஸிலும் கோளாறு இல்லை. பிறகு ஏன் இத்தனை பெயர்கள்?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்கு எந்த ஊரின் பெயரும் தெரியாது. ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிவரும் அவை, நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும்தான் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகள் வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, செல்பேசியே தன் இருப்பிடத்தைக் கணக்குப் போடுகிறது. விடையாகக் கிடைப்பவை அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்கள். தாம்பரத்தில் அவை சுமார் 12.92, 80.12. இந்த எண்களைப் பெயராக்குவது வேறொரு வேலை. மென்பொருள் துறையினர் அதை 'ரிவர்ஸ் ஜியோகோடிங்' என்கிறார்கள்.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஜியோநேம்ஸ் போன்ற திறந்த தரவுத்தளங்களில் உலகத்து ஊர்களின் பெயர்களும், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மையப்புள்ளியும் கிடைக்கின்றன. மக்கள்தொகை 15,000-ஐத் தாண்டிய ஊர்களை மட்டும் கொண்ட சிறிய கோப்பும் உண்டு. அதைச் செயலிக்குள்ளேயே வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை நடக்கும். நாம் நிற்கும் புள்ளிக்கு எந்த ஊரின் மையம் மிக அருகில் இருக்கிறதோ, அந்த ஊரின் பெயரைக் காட்டினால் போதும்.

ஆனால் ஊர் என்பது புள்ளி அல்ல, பரப்பு. சோழிங்கநல்லூரை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து தாம்பரம் நேர்கோட்டில் சுமார் 12 கி.மீ.; சென்னையின் மையமோ சுமார் 20 கி.மீ. இந்த இரண்டு மையங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், 'பக்கத்து மையம்' என்ற விதிப்படி சோழிங்கநல்லூர்க்காரரின் செல்பேசி 'தாம்பரம்' என்றே சொல்லும். ஆனால் சோழிங்கநல்லூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் பகுதி. பெருநகரத்தின் விளிம்பில் இருப்பவர்களை இந்த முறை பக்கத்து ஊருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது.

எனவே, இரண்டாவது வழி: எல்லைக்கோடு. ஒவ்வொரு நகரத்தின் எல்லையையும் நூற்றுக்கணக்கான புள்ளிகளை இணைத்த பலகோணமாக வைத்துக்கொண்டு, நம் இடம் அதற்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் நொடியில் தெரியும். கணினிக்குக் கண் இல்லையே! அது ஓர் அழகான தந்திரத்தைக் கையாள்கிறது. நம் புள்ளியிலிருந்து ஏதாவது ஒரு திசையில் நேர்கோடு ஒன்றை நீட்டி, அது எல்லையை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுகிறது. ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. சுற்றுச்சுவருக்குள் இருப்பவர் ஒருமுறை சுவரேறிக் குதித்தால் வெளியே வந்துவிடுவார், இன்னொரு முறை ஏறினால் மறுபடி உள்ளே போய்விடுவார் என்பது போலத்தான். தன்னைத்தானே வெட்டாத மூடிய கோடு தளத்தை உள், வெளி என இரண்டாகப் பிரிக்கும் என்பது பார்த்தாலே புரிகிற செய்திதான். ஆனால் அதை நிறுவ 1887-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் காமில் ஜோர்டான் பாடுபட வேண்டியிருந்தது.

ஒரே பலகோணத்தில் எல்லா இடங்களும் அடங்கிவிடுவதும் இல்லை. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைப் பாருங்கள். காரைக்கால் தமிழகக் கரையில், மாஹே கேரளத்தில், யானம் ஆந்திரத்தில். புதுச்சேரி மாவட்டமே கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு இடையே பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அத்தனை துண்டுகளையும் ஒரே பெயரின் கீழ் சேர்த்துச் சோதித்தால்தான் விடை சரியாக வரும்.

உலகத்தின் எல்லா எல்லைகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க நேரம் போதாது. அதனால் ஒவ்வொரு பலகோணத்தையும் முதலில் ஒரு செவ்வகத்துக்குள் அடைத்து, பக்கத்துச் செவ்வகங்களைப் பெரிய செவ்வகங்களுக்குள் அடுக்கிவைக்கிறார்கள். 1984-இல் ஆன்டனின் கட்மன் முன்வைத்த இந்த அமைப்புக்கு 'ஆர்-ட்ரீ' என்று பெயர். நம் புள்ளி விழாத செவ்வகங்கள் உடனே கழிந்துவிட, மிஞ்சும் சிலவற்றில் மட்டும் கோடு நீட்டிப் பார்த்தால் போதும்.

இவ்வளவு கணிதம் தெரிந்தும் தாம்பரச் சிக்கல் தீர்வதில்லை. ஏனென்றால் அது கணிதத்தின் சிக்கலே அல்ல. தாம்பரத்தின் அஞ்சல் முகவரி சென்னை 600045. 2019-இல் காஞ்சிபுரத்தைப் பிரித்து உருவான செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அது வருகிறது. 2021-இல் தனி மாநகராட்சியும் ஆனது. அஞ்சல் துறை ஒரு கோடு போட்டிருக்கிறது, வருவாய்த் துறை ஒரு கோடு, உள்ளாட்சி இன்னொரு கோடு. எந்தக் கோட்டை நம்புவது என்று முடிவெடுப்பவர் செயலியை எழுதியவர்.

ஆண்ட்ராய்டில் இதற்கென்றே உள்ள 'ஜியோகோடர்' வசதியும் ஒற்றைப் பெயரைத் தருவதில்லை. ஊர், மாவட்டம், மாநிலம், நாடு எனத் தனித்தனிக் கட்டங்களில் விடை தருகிறது. அவற்றில் ஊர்க் கட்டம் காலியாகவே வரக்கூடும். அப்போது மாவட்டத்தைக் காட்டுவதா, ஒன்றும் காட்டாமல் விடுவதா என்பதையும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். எண்களின் வரிசையிலும் கவனம் வேண்டும். சில மென்பொருள்கள் அட்சரேகையை முதலில் கேட்கும். 'ஜியோஜேசன்' என்ற கோப்பு வடிவம் தீர்க்கரேகையை முதலில் வைக்கிறது. வரிசை மாறினால் தாம்பரத்துக்காரர் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே ஆர்க்டிக் கடலில் நிற்பார்.

ஊர்ப்பெயர் மட்டும் போதும் என்கிற செயலி, தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவே சுமார் ஒரு கிலோமீட்டர் துல்லியம். ஐந்து இலக்கம் என்றால் ஒரு மீட்டர்; வானிலை சொல்லும் செயலிக்கு உங்கள் வீட்டு வாசல்வரை தெரிய வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் தோராய இருப்பிடத்தை மட்டும் தரும் வசதி இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லும்போது மட்டும் நேர்மாறாகச் செய்யுங்கள்: செயலி காட்டும் ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல், அந்த இரண்டு எண்களையும் முழுமையாக அனுப்புங்கள்.