பாட்டரியின் மேல் பழி

காலையில் எஞ்சின் கிளம்பவில்லையென்றால் குற்றம் பாட்டரியினுடையதே என்று தீர்ப்புக் கூறிவிடுவது லாரித் தொழிலில் நெடுநாளைய வழக்கம். புதிய பாட்டரிகளை வாங்கிப் பொருத்துவர். சில மாதங்களில் அவையும் பழையவற்றின் வழியே செல்லும். பொருள் இவ்வாறு வீணாகாமல் தடுக்க அரிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒரு மல்டிமீட்டரும், அதனை எங்கே வைத்துப் பார்ப்பது என்னும் தெளிவும் இருந்தால் போதும்.

நம் நாட்டின் கனரக லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட் அமைப்பு உடையன. 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். முழு மின்னேற்றம் பெற்று, சில மணி நேரம் ஓய்ந்திருந்த இணையில் ஏறத்தாழ 25.4 வோல்ட் காணலாம்; 24.4 என்றால் சரக்கில் பாதி செலவாகிவிட்டது எனக் கொள்க. எஞ்சின் ஓடும்பொழுது 27.5 முதல் 28.5 வரை இருப்பது முறை. மீட்டர் 26-க்குக் கீழேயே நின்றால் மின்னேற்றம் போதிய அளவு நடைபெறவில்லை. 30-ஐ எட்டிவிட்டாலோ ரெகுலேட்டர் தன் கடமையை மறந்துவிட்டது. பாட்டரியின் நீர் வற்றும், விளக்குகள் அடிக்கடி கருகும்.

அழுத்தம் குறைவாக இருப்பின் முதலில் பெல்ட்டைப் பார்த்தல் வேண்டும். பளபளப்பேறித் தளர்ந்த பெல்ட் வழுக்கும். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்னோட்டம் எச்சரிக்கை விளக்கின் வழியாகவே செல்வதால், அச்சிறு பல்பு எரிந்துபோனாலும் மின்னேற்றம் தொடங்காமற் போகலாம்.

ஆயினும் பலரை ஏமாற்றுவது வேறொன்று. ஆல்டர்னேட்டரின் முனையில் 28 வோல்ட் இருக்கும், பாட்டரியிலோ 26.8 தான் இருக்கும். இடையிலுள்ள 1.2 வோல்ட் எங்கே போயிற்று? துருவேறிய இணைப்பொன்றின் மின்தடை 0.02 ஓம் மட்டுமே என்று கொள்வோம். அது மிக அற்பமான அளவாகத் தோன்றும். ஆனால் அதன் வழியே 60 ஆம்பியர் பாயும்பொழுது 1.2 வோல்ட் அங்கேயே இழக்கப்படுகிறது. 72 வாட் ஆற்றல் வெப்பமாகிறது. ஒரு முகப்பு விளக்கு எரிவதற்குச் செல்லும் ஆற்றல் இது! தன் முனையிலுள்ள அழுத்தத்தை மட்டுமே அறியும் ரெகுலேட்டர், எல்லாம் நலமென்று வாளாவிருக்கும்.

இதனைக் கண்டறிய எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, விளக்குகளை ஏற்றிக்கொள்ளல் வேண்டும். சுமையின்றிப் பார்த்தால் குறை ஒளிந்துகொள்ளும். மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையிலும், மற்றொன்றைப் பாட்டரி இணையின் நேர்முனையிலும் வைக்கவும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வழியில் பழுது உண்டு. பின்னர் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே பார்க்கவும். எர்த் கம்பி சேசிஸில் முடுக்கப்படும் இடத்தில் சேறும் துருவும் புகுவதால், இங்கே குற்றம் அகப்படுவது மிகுதி. அதனைச் சுரண்டித் தூய்மை செய்து இறுக்குவதற்குச் செலவு ஏது?

ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்பொழுதே பாட்டரிக் கம்பியைக் கழற்றும் பழக்கம் டைனமோ காலத்தது. அது இன்று பெருங்கேடு விளைக்கும். தாங்கும் பாட்டரி விலகியவுடன் மின்னழுத்தம் திடீரென எகிறி, டயோடுகளையும், 2020-இல் நடைமுறைக்கு வந்த பாரத் 6 விதிகளுக்கேற்ற லாரிகளில் நிறைந்துள்ள மின்னணுக் கருவிகளையும் பாழாக்கிவிடும்.

இனி, பாட்டு கேட்பதற்கும் கைபேசிக்கு மின்னேற்றுவதற்கும் இரண்டு பாட்டரிகளுள் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் வழக்கத்தையும் சொல்லவேண்டும். எஞ்சின் ஓடுகையில் மீட்டர் 28 என்றே காட்டும். தனித்தனியே அளந்தால்தான் ஒன்றில் 13.2, மற்றொன்றில் 14.8 எனப் புலப்படும். முன்னது பட்டினி கிடக்கிறது. பின்னது அளவுக்கு மீறி உண்டு கெடுகிறது. 24 வோல்ட்டை 12 ஆக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் ஒன்றை இணைத்து, இரண்டிலிருந்தும் ஒருசேர மின்சாரம் எடுப்பதே இதற்குப் பரிகாரம். இவ்வாறு கெட்டுப்போன இணையில் ஒன்றை மட்டும் மாற்றுவதும் தகாது. பழையதும் புதியதும் சமமாக மின்னேற்றம் பெறாமையால், மாற்றும்பொழுது இரண்டையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும்.