பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ஃப்யூஸ்: காதுக்கு லாபமா, கடைக்காரருக்கு லாபமா?

போன வீடியோவுக்கு அப்புறம் ஒரு சப்ஸ்க்ரைபர் கேட்டிருந்தார்: "ப்ரோ, ஆம்ப்ளிஃபயருக்கு ஆடியோஃபைல் ஃப்யூஸ் பதினெட்டாயிரம் சொல்றாங்க. இஎம்ஐல வாங்கலாமா?" சம்பளம் முப்பத்தஞ்சாயிரமாம். அதாவது பாதி மாசச் சம்பளம், விரல் நீளம்கூட இல்லாத கண்ணாடிக் குழாய்க்கு.

அந்தக் குழாய் என்ன பண்ணுது? அளவுக்கு மேல கரண்ட் வந்தா உள்ளே இருக்கிற மெல்லிய கம்பி உருகி அறுந்துடும். அவ்வளவுதான் அதோட வேலை. எலக்ட்ரிக்கல் கடையில பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறதும் இதே வேலையைத்தான் செய்யுது. ஃப்யூஸ் வழியா வர்ற கரண்ட் நேரா ஸ்பீக்கருக்குப் போறதில்லை. டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர், பெரிய கெப்பாசிட்டர் எல்லாம் தாண்டி டிசியா மாறின பிறகுதான் பாட்டுக்கு உதவுது. ஃப்யூஸ்ல இழக்கிற வோல்ட்டேஜ் ஒரு வோல்ட்டுக்கும் ரொம்பக் கீழே. நம்ம வீட்டு 230 வோல்ட் சப்ளையே, பக்கத்து வீட்ல மோட்டார் போட்டா அதைவிட அதிகமா ஆடும்!

சில ஃப்யூஸ்ல "இந்தத் திசையில மாட்டணும்"னு அம்புக்குறி வேற இருக்கும். நம்ம ஊர் ஏசி கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; ஒரு நொடிக்கு 100 தடவை திசை மாறுது. அம்பு எந்தத் திசையைக் காட்டுதுன்னு எனக்குப் புரியலை.

நியாயமா ஒண்ணு சொல்லணும். ஸ்பீக்கர் லைன்லயே ஃப்யூஸ் வச்ச சில பழைய செட்களில், கம்பி சூடாகி ஆறும்போது ரெசிஸ்டன்ஸ் மாறும். பேஸ் சத்தத்துல கொஞ்சம் டிஸ்டார்ஷனை அளக்கவே முடியும். அது வேற கேஸ். இன்னொண்ணு, பழைய ஃப்யூஸைக் கழட்டி மாட்டும்போது ஹோல்டர்ல படிஞ்ச அழுக்கும் உரசிப் போயிடும். லூஸ் கான்டாக்ட்டால வந்த கரகர சத்தம் அதோட நின்னா, பேர் வாங்கிறது புது ஃப்யூஸ்.

அப்போ சத்தத்தை உண்மையில மாத்துறது எது? புதுக்கோட்டை பக்கம் சித்தன்னவாசல் போயிருக்கீங்களா? பாறையைக் குடைஞ்ச அறிவர் கோயில். எல்லாரும் தாமரைக்குள ஓவியத்தைப் பார்க்க நிமிர்ந்து நிப்பாங்க. உள்ளே சின்னக் கருவறை நடுவுல நின்னு மெதுவா "ம்ம்ம்"னு முனகிப் பாருங்க. சரியான சுருதி அமைஞ்சதும் அறை முழுக்க ரீங்காரம் எழும். வயரும் கிடையாது, ஃப்யூஸும் கிடையாது. சின்ன அறை, வழவழப்பான கல் சுவர், அவ்வளவுதான். அறையோட அளவுக்குப் பொருந்துற சுருதி மட்டும் சுவருக்குச் சுவர் மோதிப் பெருசாகுது.

நாம வாடகைக்கு எடுக்கிற பத்துக்குப் பத்து ரூமும் இதே கதைதான். பத்தடி இடைவெளிக்கு சுமார் 56 ஹெர்ட்ஸ்ல பேஸ் குமுறும். நீளமும் அகலமும் ஒண்ணா இருந்தா ரெண்டு பக்கமும் சேர்ந்து குமுறும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து ரெண்டடி தள்ளி வைங்க. நீங்க உட்காரும் இடத்தையும் நகர்த்திப் பாருங்க. இதுக்குச் செலவு பூஜ்யம். தடிமனான திரை, தரையில ஜமக்காளம், ஒரு புத்தக ஷெல்ஃப் போட்டா மேல் ஸ்தாயி எதிரொலி அடங்கும்.

இனி காசுக் கணக்கு. 18,000 ரூபாயை 7 சதவீத வட்டியில அஞ்சு வருஷம் போட்டா சுமார் 25,000 ஆகும். "நோ காஸ்ட்" இஎம்ஐன்னாலும் ப்ராசஸிங் கட்டணம், வட்டி மேல ஜிஎஸ்டி இருக்கான்னு பாருங்க. எமர்ஜென்சி ஃபண்ட் இன்னும் ஆரம்பிக்கலைன்னா என் பதில் நேரடியா "வேண்டாம்".

"இல்ல ப்ரோ, எனக்கு வித்தியாசம் கேட்குது"ங்கிறவங்க, ரிட்டர்ன் தேதி முடியுறதுக்குள்ள ஒரு டெஸ்ட் பண்ணுங்க. வேலை தெரிஞ்ச நண்பர், ப்ளக்கைப் பிடுங்கிட்டு, உங்களுக்குத் தெரியாம பத்து தடவை நாணயம் சுண்டிப் போட்டு ஃப்யூஸை மாத்தட்டும். வால்யூமைத் தொடக்கூடாது. ஒன்பதாவது சரியா சொல்லுங்க. குருட்டாம்போக்குல அது அமையுற வாய்ப்பு நூத்துல ஒண்ணுதான். முடியலைன்னா பார்சலைத் திருப்பி அனுப்பிடுங்க.

எந்த ஃப்யூஸ் போட்டாலும், பழையதுல என்ன ஆம்பியர், என்ன வோல்ட், டி-யா எஃப்-ஆன்னு பார்த்து அதையே போடுங்க. டி-ன்னா மெதுவா அறுறது, எஃப்-னா சட்டுனு அறுறது. "கொஞ்சம் பெருசு போட்டா சவுண்டு திறக்கும்"னு யாராவது சொன்னா கேட்காதீங்க. அப்புறம் கோளாறு வரும்போது உருகப்போறது ஃப்யூஸ் இல்ல, டிரான்ஸ்ஃபார்மர்.